ஏழாம் எண் பனியன்

கடலூர் பழைய நகரத்தில் இருந்த கெடிலம் ஆயில் மில் 1966-ஆம் ஆண்டு தன் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் அச்சடித்தது. அதன் பதினோராம் பக்கத்தில் ‘ஓய்வுபெற்ற நம் வீரர்’ என்ற தலைப்பில், கம்பெனியின் கூடைப்பந்து ஆட்டக்காரர் முஹம்மது யூசுப்பைப் பற்றி அரைப்பக்கம் இருக்கிறது. ஏழாம் எண் பனியன் போட்டு நாற்பத்தொரு ஆட்டங்கள் ஆடினார். அறுநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் எடுத்தார். 1963, 64, 65 என்று மூன்று வருஷம் தொடர்ந்து கம்பெனிகள் கோப்பையை வாங்கித் தந்தார். கடைசி ஆட்டத்தில் இடது முழங்கால் ஜவ்வு கிழிந்து ஓய்வு பெற்றார்.

கணக்கில் ஒரு புள்ளிகூடத் தவறில்லை. ஆனால் மலரில் தோட்டக்காரருக்குக்கூடப் படம் இருக்க, இந்தப் பக்கத்தில் மட்டும் படம் இல்லை. போட முடியாது. ஏழாம் எண் பனியனுக்குள் இருந்தவர் வேறு ஆள். அவர் பெயர் ரஃபியுதீன். யூசுப்பின் மனைவி மலிகாவுக்கு அண்ணன்.

ரஃபியுதீன் அந்த மில்லில் நாள்கூலி. வேர்க்கடலை காயப்போடும் சிமெண்டுக் களத்தில் வேலை. காலையில் மேஸ்திரி கை காட்டினால் உள்ளே, காட்டாவிட்டால் வெளியே. மஸ்டர் ரோல் என்ற நிரந்தர ஆட்களின் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். தகப்பனார் இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, தங்கைக்கு எட்டு. தங்கையை எட்டாம் வகுப்புவரை படிக்க வைத்தார். 1961-இல் அதே மில்லில் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த யூசுப்புக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்.

ஆபீஸ்காரர்கள் பொழுதுபோக்குக்காகக் களத்தின் ஓரத்தில் ஒரு கம்பம் நட்டுப் பலகையும் ரிங்கும் மாட்டியிருந்தார்கள். சாயங்காலம் நாலு பேர் வந்து பந்து போடுவார்கள். பகலில் ரிங் சும்மா நிற்கும். கடலையை மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டும். புரட்டிவிட்டு அடுத்த புரட்டலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ரஃபியுதீன் பந்தை எடுத்தார். சித்திரை வெயிலில் அந்தச் சிமெண்டில் வெறுங்காலோடு இரண்டு நொடி நிற்க முடியாது. அதனால் அவர் குதித்து, கால் தரையில் இல்லாத நேரத்தில் பந்தை விட்டுப் பழகினார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஆட்டக்காரர்கள் இரண்டு காலையும் ஊன்றி, இரண்டு கையாலும் பந்தை நெஞ்சிலிருந்து தள்ளுவார்கள். தடுக்க நிற்பவன் கையை நீட்டினால் போதும். ரஃபியுதீன் போடுவதைத் தடுக்க அவனும் கூடவே குதித்தாக வேண்டும். எப்போது குதிப்பார் என்பது யாருக்கும் தெரியாது.

தலைமைக் குமாஸ்தா கலியமூர்த்திதான் கம்பெனி டீமைப் பார்த்துக்கொண்டவர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டுக் களத்துக்கு இறங்கி வந்தார்.

“ஏய், எத்தினி அடிய்யா நீ?”

“தெரியாது சார். எல்லா வாசப்படியிலயும் குனிஞ்சுதான் போறேன்.”

“கம்பெனி கப்புல ஆடறியா?”

“ரோல்ல பேரு இல்லியே சார்.”

கம்பெனிகள் கோப்பைக்கு அதுதான் விதி. மஸ்டர் ரோலில் பெயர் உள்ளவர்கள் மட்டும் ஆடலாம். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஸ்கோர் ஷீட்டில் தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். கலியமூர்த்தி யோசித்தார்.

“ஒன் மச்சான் பேரு ரோல்ல சும்மாதானய்யா கெடக்கு. அவரு டைம் ஆபீஸ்ல குந்திக்கினு இருக்கட்டும். நீ அவரு பேர்ல ஆடு. அடுத்த வேகன்ஸி ஒனக்குத்தான். நானே எழுதி அனுப்பறேன்.”

யூசுப்பிடம் கேட்டபோது அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். “என் பேராவது ஓடியாடட்டும் மச்சான், எனக்கும் ஒடம்புக்கு நல்லதுதானே.”

மச்சானின் கையெழுத்தைப் போடப் பழக வேண்டியிருந்தது. மலிகாதான் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். அவளுக்கு இடது கைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அடித்து வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். கை மாறினாலும் எழுத்து மாறவில்லை. காற்றடிக்கும் நாணல்போல ஒவ்வொரு எழுத்தும் இடப்பக்கம் சாயும். அவள் எழுதிய மாதிரியைப் பார்த்து எழுதியதில் ரஃபியுதீன் போட்ட யூசுப்பின் கையெழுத்தும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. “நேரா போடுங்கண்ணே, மாட்டிக்கப் போறீங்க” என்று அவளே சிரித்தாள். பனியனைத் துவைத்து நீலம் போட்டுக் காயவைத்ததும் அவள்தான்.

ஆட்டங்கள் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்தன. செம்மண் கோர்ட். உருளை உருட்டித் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். முதல் வருஷம் “யூசுப்பு! யூசுப்பு!” என்று கூட்டம் கத்தும்போது ரஃபியுதீனுக்குத் திரும்பத் தோன்றாது. பாஸ் இரண்டு முறை வீணானது. இரண்டாம் வருஷம் கடைத்தெருவில் யாராவது யூசுப் என்று கூப்பிட்டால் அவர்தான் முதலில் திரும்பினார்.

அவரைத் தடுத்து ஆட வந்தவர் லூர்துசாமி, பரவனாறு ஸ்பின்னிங் மில் கேப்டன். குட்டை, கறுப்பு, கால்கள் இரண்டும் ஸ்பிரிங். மூன்று இறுதியாட்டத்திலும் இவர்கள் இருவருக்கும்தான் போட்டி. 1964-இல் ரஃபியுதீனின் முழங்கை பட்டு லூர்துசாமிக்கு முன்பல் ஒன்று போயிற்று. ஆட்டம் முடிந்ததும் லூர்துசாமி இரத்த வாயோடு வந்து கை கொடுத்தார். “பல்லுதான் போச்சு யூசுப்பு, அடுத்த வருசம் கப்பு எங்களுக்கு.”

கப்பு அடுத்த வருஷமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது, பலகையில் பட்டுத் திரும்பிய பந்துக்குக் குதித்த ரஃபியுதீன் யாருடைய பாதத்தின்மீதோ இறங்கினார். முழங்கால் உள்ளே மடங்கிய சத்தம் கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம். தூக்கிக்கொண்டு போனார்கள். மைதானம் முழுக்க யூசுப் பெயரைச் சொல்லிக் கை தட்டியது.

ஒரு மாதம் தங்கை வீட்டில் பாயில் கிடந்தார். முழங்காலில் மருத்துவமனையில் சுற்றிவிட்ட இழுவைத் துணிக் கட்டு. அந்த மாதக் கடைசியில் மெட்ராஸிலிருந்து முதலாளி வருவதாகத் தகவல் வந்தது. கம்பெனிக்காகக் காலை உடைத்துக்கொண்ட ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். அன்று காலை மலிகா பாயருகே வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, அந்தக் கட்டுத் துணிய இன்னிக்கி ஒரு நாளைக்கித் தர முடியுமான்னு ஒங்க மச்சான் கேக்கறாரு.”

“எதுக்கு?”

“மொதலாளிகிட்ட ஒங்க விஷயம் பேசத்தான் போறாராம். கட்டு இல்லாம போனா முன்னாடியே விடமாட்டாங்களாம்.”

ரஃபியுதீனே கட்டை அவிழ்த்து, சுருட்டி, கொடுத்தார். எப்படிச் சுற்றினால் நழுவாது என்பதையும் சொல்லிக்கொடுத்தார்.

சாயங்காலம் யூசுப் நொண்டாமல் திரும்பி வந்தார். கையில் ஒரு உத்தரவு இருந்தது. முஹம்மது யூசுப், வெல்ஃபேர் சூப்பர்வைசர், கம்பெனி குவார்ட்டர்ஸ் உட்பட.

“ஒங்களப் பத்தித்தான் ஆரம்பிச்சேன் மச்சான்” என்றார் அவர், உத்தரவை மடித்துக்கொண்டே. “அதுக்குள்ள அவரு எழுந்து வந்து என் தோளத் தட்டி, ‘நீதானா அது’ன்னு கேட்டுட்டாரு. அத்தினி பேரு முன்னாடி இல்லேன்னு எப்படிச் சொல்றது? சொன்னா கலியமூர்த்தி சாருக்கும் ஆபத்து, டீமுக்கும் ஆபத்து. கொஞ்சம் பொறுங்க. நான் மேல போனா ஒங்கள இழுத்துக்க மாட்டனா?”

கலியமூர்த்தியிடம் கேட்டதற்கு அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “காயிதத்துல யாரு இருக்காங்களோ அவங்கதான்யா ஆளு. சர்ட்டிபிகேட்டு மூணும் யூசுப்பு பேர்ல. நான் இன்னா பண்ண?”

நொண்டிக் காலோடு களத்தில் கடலை புரட்ட முடியாது. மேஸ்திரி கை காட்டுவதை நிறுத்தினார். காட்டுமன்னார்கோயிலில் ஒரு அரிசி ஆலையில், அவித்த நெல் காயும் களத்துக்குக் காவலாளாகச் சேர்ந்தார் ரஃபியுதீன். ஆடு மாடு வந்தால் விரட்ட வேண்டும், மழை வந்தால் கூப்பிட வேண்டும். அங்கேயும் நல்ல சிமெண்டுக் களம். ரிங் மட்டும் இல்லை.

1967 ஜூன் மாதம் ஒரு பேப்பர் துண்டில் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். சிதம்பரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு விளையாட்டு உதவியாளர் தேவை. கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனி அணியிலோ கிளப் அணியிலோ ஆடியதற்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டும். அவருக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். அதைத் தன் பேரில் செய்ய முதல் தடவையாக ஒரு வழி தெரிந்தது.

கடலூருக்குப் போனார். குவார்ட்டர்ஸில் யூசுப் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

“நீங்க ஆடலேன்னு எழுத வேணாம் மச்சான். உங்க வேலைக்கி ஒண்ணும் வர வேணாம். டீம்ல பதிலாளா நானும் இருந்தேன், எனக்கு ஆட்டம் தெரியும், இந்த ரெண்டு வரி போதும்.”

“இது பெரிய விஷயமா? கம்பெனி தாள்லயே தர்றேன். காலையில வாங்கிக்குங்க.”

காலையில் யூசுப் ஷிப்டுக்குப் போயிருந்தார். மலிகா ஒட்டிய கவரையும், ஒரு தூக்குவாளியில் புளிச்சோற்றையும் கொண்டுவந்து கொடுத்தாள். கவரைக் கொடுத்துவிட்டு உடனே கையை எடுக்கவில்லை.

“பஸ்ல சும்மாதானே உக்காந்திருப்பீங்க” என்றாள்.

“அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல. பத்திரம்.”

சிதம்பரம்வரை ஒன்றரை மணி நேரம் கவரைச் சட்டைப்பைக்குள் கசங்காமல் வைத்துக்கொண்டு வந்தார். தலைமையாசிரியர் பழனிவேல் மெலிந்த, அமைதியான மனிதர். விண்ணப்பத்தைப் படித்தார். கவரைப் பிரித்து உள்ளே இருந்ததைப் படித்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். எங்க மச்சான்தான் குடுத்தாரு.”

பழனிவேல் வாய்விட்டுப் படித்தார். “மேற்படி ரஃபியுதீன் என்பவர் எங்கள் கூடைப்பந்து அணியுடன் மூன்று ஆண்டுகள் பந்துப்பை தூக்கி வந்தார். எந்த ஆட்டத்திலும் பங்குகொண்டவர் அல்ல. மற்றபடி நல்ல நடத்தை உள்ளவர்.”

ரஃபியுதீன் வாய் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ட்ரில் மாஸ்டர் உள்ளே வந்தார். குட்டை, கறுப்பு, முன்பல்லில் ஓட்டை. ஸ்பின்னிங் மில்லை விட்டுப் பயிற்சி முடித்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“அடப்பாவி, யூசுப்பு!” லூர்துசாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். “முட்டி எப்படிய்யா இருக்கு? சார், என் பல்லத் தட்டினது இவன்தான் சார்! கடலூர்ல இவனாட்டம் ஒருத்தன் கெடயாது. நீயா இந்த வேலைக்கி வந்திருக்க? ஒனக்குத்தான் அங்க சூப்பர்வைசர் உத்தியோகம்னாங்க?”

“இவர் பேர் ரஃபியுதீன்னு விண்ணப்பத்துல இருக்கு” என்றார் பழனிவேல். “யூசுப்ங்கறது இந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டவர்.”

அவர் கடிதத்தை லூர்துசாமி பக்கம் திருப்பி மேசைமேல் வைத்தார். அப்போதுதான் ரஃபியுதீன் அதைப் பார்த்தார். அடியில் இருந்த கையெழுத்து மட்டும் யூசுப்புடையது. மேலே எழுதியிருந்த வரிகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

ஆபீசில் டைப் அடித்தால் நகல் ஃபைலில் நின்றுவிடும். அதனால் யூசுப் வீட்டில் வைத்து எழுதச் சொல்லியிருக்கிறார். அவள் எழுதியிருக்கிறாள். ‘பந்துப்பை’ என்ற வார்த்தையில் மையைத் தொட்டு மறுபடி அழுத்தி எழுதியிருந்தாள்.

அதுவரை தங்கைக்காகத்தான் அவர் வாய் திறக்கவில்லை. இப்போது எல்லாவற்றையும் சொன்னார். களம், கலியமூர்த்தி, கையெழுத்து, கட்டுத் துணி, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு லூர்துசாமியைப் பார்த்தார். இந்த உலகத்தில் அவர் ஆடினதற்குப் பயமில்லாமல் சாட்சி சொல்லக்கூடியவர் அந்த ஒரு ஆள்தான்.

லூர்துசாமியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அப்ப நீ ரோல்ல இல்லாத ஆளு.”

“ஆமா.”

“மூணு வருசமும்.”

“ஆமா லூர்து.”

“தேவனாம்பட்டினத்துல சின்னையன்னு ஒருத்தன், ஒன் ஒசரம் இருப்பான். மீன் புடிக்கற வலைக்காரன். எங்க டீமுக்கு ஆடறேன்னு வந்து நின்னான். ரோல்ல பேரு இல்ல, ரூலுன்னா ரூலுன்னு நான்தான்யா அவன கோட்டுக்கு வெளிய உக்கார வெச்சேன். அவன எறக்கியிருந்தா அறுவத்தி நாலுல கப்பு எங்களுது. மூணு தபா தோத்ததும் மேனேஜரு டீமையே கலைச்சிட்டாரு. என் பசங்க நாலு பேரும் திரும்ப நூலுக்கட்டு தூக்கப் போயிட்டானுங்க.” அவர் குரல் உயரவில்லை. “பல்லு போனப்பகூட ஒனக்குக் கை குடுத்தேன்டா நான்.”

“எனக்கு வேல தர்றேன்னாங்க...”

“எல்லாருக்கும்தான் வேல வேணும்.”

பழனிவேல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “இந்தக் காகிதத்தை நம்பினா நீங்க ஆடினதே இல்ல. இவர் சொல்றதை நம்பினா நீங்க யூசுப். நீங்க சொல்றதை நம்பினா மூணு வருஷம் பொய்க் கையெழுத்துப் போட்டவர். நான் நீங்க சொல்றதைத்தான் நம்பறேன். ஆனா அதை நம்பிட்டுப் பிள்ளைங்களை உங்ககிட்ட எப்படி ஒப்படைக்கிறது, சொல்லுங்க.”

ரஃபியுதீன் கடிதத்தை மட்டும் திருப்பிக் கேட்டார். கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தின் பின்வழியாகத்தான் பஸ் நிலையத்துக்குக் குறுக்குப் பாதை. அந்த வழியில் கோர்ட் இருந்தது. பின்னாலேயே வந்த லூர்துசாமி கோட்டுக்கு வெளியே கிடந்த பந்தை எடுத்து அவர் நெஞ்சுக்கு வீசினார். பாஸ் கொடுக்கிற மாதிரி இல்லை, அடிக்கிற மாதிரி.

“போடு.”

ரஃபியுதீன் தூக்குவாளியைக் கீழே வைத்தார். இடது கால் ஒத்துழைக்காது. வலது காலில் மட்டும் எம்பினார். பந்து ரிங்கைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

லூர்துசாமி உருண்டு வந்த பந்தைக் காலால் நிறுத்தினார்.

“நீதான்” என்றார். பிறகு, “போயிட்டு வா” என்றார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ரஃபியுதீன் கடலூரில் இறங்கினார். யூசுப் இன்னும் ஷிப்டிலிருந்து வரவில்லை. மலிகா கதவைத் திறந்து முதலில் தூக்குவாளியைத்தான் பார்த்தாள். வாங்கும்போதே கனம் தெரிந்தது. மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

அவர் கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“பிரிச்சுப் பாப்பீங்கன்னு நெனச்சேன் அண்ணே” என்றாள். “ஓரத்துல மட்டுந்தான் பசை வெச்சேன். இழுத்தா வந்துடும். பாத்துட்டீங்கன்னா அத்தக் கொண்டுபோய்க் குடுக்க மாட்டீங்க இல்ல, அப்படின்னுதான்...”

“மச்சான் குடுத்த கவரு. நான் பிரிப்பேனா?”

“அவரு சொல்லச் சொல்ல எழுதினேன். முடியாதுன்னா? ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கினு எங்க போறது நானு? பதிலாளுன்னு எழுதினாலே, அவன் ரோல்ல இல்லியே, எப்படி டீம்ல இருந்தான்னு கேள்வி வருமாம். கேள்வி வந்தா எல்லாம் வெளிய வந்துடுமாம்.”

“இப்ப மட்டும் வெளிய வராம இருந்துச்சா?”

அவள் உள்ளே போனாள். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை இடது கையில் பேனாவைப் பிடித்தாள். ரஃபியுதீன் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். என் அண்ணன் ரஃபியுதீன் ஏழாம் எண் பனியன் போட்டு நாற்பத்தொரு ஆட்டம் ஆடினார், என் கணவர் யூசுப் ஒரு ஆட்டமும் ஆடினவர் அல்ல, அண்ணன் கால் உடைந்தது அந்த ஆட்டத்தில்தான், இப்படிக்கு மலிகா. அழாமல், வேகமாக, நிறுத்தாமல் எழுதி எழுந்து நின்று நீட்டினாள்.

அவர் வாங்கிப் படித்தார். எழுத்துகள் நேராக இருந்தன. இத்தனை வருஷத்தில் அவர் பெயரும் அந்த எண்ணும் ஒரே தாளில் இருந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு தரம் படித்தார்.

“இத்தக் கொண்டுபோனா ஒன்னை வீட்ட விட்டு அனுப்பிடுவாரு” என்றார்.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள்.

“நீ எழுதினதே போதும்மா. மச்சான் வர்றதுக்குள்ள கிழிச்சிடு.”

தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு படி இறங்கினார். வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு வார்த்தை பின்னால் வரும் என்று நினைத்தார். கேட்டுக்கு எட்டு அடி இருந்தது. மூன்றாவது அடியிலேயே காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது.